கைநாட்டும் கைப்பேசியும்

எர்ணாகுளம் மாவட்டத்துக்கு ஒரு தனிப்பெருமை உண்டு. 1990 பிப்ரவரி 4 அன்று, முழு எழுத்தறிவு பெற்ற இந்தியாவின் முதல் மாவட்டமாக அது அறிவிக்கப்பட்டது. கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத்தைச் சேர்ந்த தொண்டர்களும் மாவட்ட நிர்வாகமும் இணைந்து, மீனவர் குடியிருப்புகளிலும் கூலித் தொழிலாளர் வீடுகளிலும் மாலை வேளைகளில் நடத்திய வகுப்புகளின் விளைவு அது. அடுத்த ஆண்டு ஏப்ரல் 18 அன்று கேரளம் முழுவதும் அந்தப் பெருமையை எய்தியது.

வங்கியில் பணிபுரிவோருக்கு அந்த இயக்கத்தின் பொருள் எளிதில் விளங்கும். எழுதப் படிக்கத் தெரியாதவர் கணக்குத் தொடங்கினால், அவருடைய பெருவிரல் ரேகையைப் பதிவு செய்துகொள்வது வழக்கம். பணம் எடுக்க அவர் தாமே நேரில் வர வேண்டும்; பொதுவாக அவருக்குக் காசோலைப் புத்தகம் தரப்படுவதில்லை. கையொப்பமிடக் கற்றுக்கொண்ட நாளிலிருந்து அவருடைய நிலை மாறிவிடுகிறது. தம் பணத்தைத் தம் விருப்பப்படி, பிறர் துணையின்றிக் கையாளும் உரிமை அவருக்குக் கிடைக்கிறது. கையொப்பம் என்பது தாளில் கிறுக்கும் ஒரு கோடு மட்டும் அன்று. அது ஒருவருடைய சம்மதம்.

இதை இப்போது நினைவுகூர்வதற்குக் காரணம் உண்டு. 2025 ஆகஸ்ட் 21 அன்று கேரளம், முழுமையான டிஜிட்டல் எழுத்தறிவு பெற்ற மாநிலமாக அறிவிக்கப்பட்டது. வீடு வீடாகச் சென்று கணக்கெடுத்து, கைப்பேசியைக் கையாளத் தெரியாதவர்கள் எனக் கண்டறியப்பட்ட 21 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குப் பயிற்சி அளித்ததாக அரசு தெரிவித்தது. பாராட்டத்தக்க முயற்சி. எனினும், திருப்பூணித்துறையில் வங்கி முகப்பில் அமர்ந்திருப்பவன் அன்றாடம் காணும் காட்சி ஒன்று உண்டு. முதியவர் ஒருவர் வருகிறார். கைப்பேசியைத் திறந்து, கண்ணாடித் தடுப்பின் இடைவெளி வழியே என்னிடம் நீட்டுகிறார். “நீங்களே அமுக்கிக் கொடுங்கோ சார்” என்கிறார். கூடவே, நான் கேட்காமலேயே, தமது ரகசிய எண்ணையும் சொல்லிவிடுகிறார். வரிசையில் பின்னால் நிற்கும் நால்வர் காதிலும் அது விழுகிறது.

அவரைக் குறை கூறும் தகுதி எனக்கு இல்லை. என் வீட்டிலேயே இது நடந்தது; அதற்குக் காரணம் நான்தான்.

என் தந்தையார் எர்ணாகுளம் பிராட்வேயில் ஒரு துணிக்கடையில் நாற்பது ஆண்டுகள் கணக்கு எழுதியவர். பேரேட்டைத் திறந்து வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கக்கூட எழுந்து செல்லாதவர். 2020-இல் பொது முடக்கம் வந்தபோது, அவருக்கு ஒரு திறன்பேசி வாங்கிக் கொடுத்தேன். ஒரே மாலையில் எல்லாவற்றையும் நானே அமைத்து முடித்தேன். எனக்குப் பழக்கமான ஆங்கிலத்தில், என் கண்ணுக்குப் போதுமான எழுத்தளவில், நான் தேர்ந்தெடுத்த ரகசிய எண்ணுடன் அது அவர் கைக்குப் போயிற்று. மின்கட்டணம், எரிவாயு உருளை, மருந்து எதுவாயினும், மாலையில் நான் வீடு திரும்பியதும் அதை வாங்கி நானே செய்துவிடுவேன். பொறுப்புள்ள மகன் என்ற நிறைவும் எனக்கு இருந்தது.

ஒருநாள் அம்மாவுக்கு இரத்த அழுத்த மாத்திரை வாங்கச் சென்றார். கையில் பணம் குறைவாக இருந்தது. செயலியைத் திறந்தால், முதல் நாள் இரவு அது தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டிருந்தது. இருந்த இடத்தில் பொத்தான் இல்லை. புதிய படங்கள் தோன்றின. பின்னால் ஆட்கள் காத்திருந்தனர். கடைப்பையனிடம் கைப்பேசியைக் கொடுத்து, எண்ணையும் சொல்லி, “நீயே பாத்து அனுப்பிக்கோப்பா” என்று கூறிவிட்டார். அந்த இளைஞர் நேர்மையானவர். சரியான தொகையை மட்டும் எடுத்துக்கொண்டு கைப்பேசியைத் திருப்பித் தந்தார். பணம் எதுவும் போகவில்லை.

இரவு உணவின்போது இதைக் கேள்விப்பட்டுக் கடிந்துகொண்டேன். ஒரு வங்கி அலுவலரின் தந்தையே ரகசிய எண்ணை ஊர் பேர் தெரியாதவரிடம் சொல்லலாமா என்றேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “முதல்ல அந்த நம்பரக் கேட்டு வாங்கினவன் நீதானேப்பா?” என்றார்.

பதில் சொல்ல இயலவில்லை. ரகசிய எண் என்பது கேட்பவரிடம் கொடுக்க வேண்டிய ஒன்று என்ற பாடத்தை அவருக்குக் கற்பித்தவன் நான். நாற்பது ஆண்டுகள் பேரேட்டைக் காத்தவரை, என் அவசரத்தால் மீண்டும் கைநாட்டு நிலைக்குக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தேன்.

இக்கருவி செயற்படும் முறையைச் சற்று எண்ணிப் பார்த்தால் இதன் தீவிரம் புரியும். 2016-இல் தொடங்கப்பட்ட யுபிஐ முறையில், வங்கியில் பதிவான கைப்பேசி எண்ணுக்குரிய சிம் அட்டை அந்தக் கருவியில் இருக்கிறதா என்று செயலி முதலில் சரிபார்க்கிறது. அதன்பின் ரகசிய எண்ணைக் கேட்கிறது. ஆகவே கருவி, சிம் அட்டை, ரகசிய எண் ஆகிய மூன்றும் சேர்ந்ததே இன்றைய கையொப்பம். கைப்பேசியைத் திறந்து கொடுத்து எண்ணையும் சொல்வது, தொகை எழுதாத காசோலையில் கையொப்பமிட்டுக் கொடுப்பதற்கு ஒப்பாகும். வெற்றுக் காசோலையை அண்டை வீட்டாரிடம் கொடுக்க யாரும் துணியமாட்டோம். கைப்பேசியை மட்டும் தயக்கமின்றிக் கொடுக்கிறோம்.

சட்டப்படியும் இதற்கு விலை உண்டு. மின்னணுப் பரிவர்த்தனைகளில் வாடிக்கையாளரின் பொறுப்பு குறித்து 2017 ஜூலை 6 அன்று ரிசர்வ் வங்கி நெறிமுறை ஒன்றை வெளியிட்டது. வங்கி மீதும் வாடிக்கையாளர் மீதும் தவறில்லாமல் மூன்றாம் தரப்பினரால் மோசடி நேர்ந்து, வங்கியிலிருந்து தகவல் கிடைத்த மூன்று வேலை நாள்களுக்குள் வாடிக்கையாளர் தெரிவித்துவிட்டால், அவருக்கு இழப்பு இல்லை. ஆனால் ரகசிய எண்ணைப் பகிர்ந்தது போன்ற கவனக்குறைவால் இழப்பு நேர்ந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரையிலான முழு இழப்பும் வாடிக்கையாளரையே சாரும். பகிர்ந்தது மகனிடமா, மோசடிக்காரரிடமா என்று நெறிமுறை பிரித்துப் பார்ப்பதில்லை.

ஆகவே நான் சொல்ல விரும்புவது இதுதான்: முதியவர்களுக்கு உதவுவது என்பது கருவியை வாங்கி நாமே செய்து முடிப்பது அன்று. அருகில் அமர்ந்து, அவர்களே செய்யும் வரை காத்திருப்பது. நம்மால் இரண்டு நிமிடங்களில் முடிவதற்கு அவர்களுக்கு இருபது நிமிடங்கள் ஆகலாம். அந்தப் பதினெட்டு நிமிடங்களைத் தர மனமில்லாமல்தான் அவர்களுடைய கையொப்பத்தை நாம் எடுத்துக்கொள்கிறோம்.

என் வீட்டில் அடுத்த ஞாயிற்றுக்கிழமை புதிதாகத் தொடங்கினோம். முதலில் கைப்பேசியின் மொழியைத் தமிழுக்கு மாற்றினேன். தந்தையார் மலையாளம் சரளமாகப் பேசுவார். ஆனால் விரைவாகப் படிப்பது தமிழைத்தான். எழுத்தளவைப் பெரிதாக்கினேன். பயன்படாத செயலிகளை நீக்கி, முகப்புத் திரையில் தொலைபேசி, குறுஞ்செய்தி, வங்கிச் செயலி, புகைப்படக்கருவி ஆகிய நான்கை மட்டும் வைத்தேன். ரகசிய எண்ணை அவரே மாற்றிக்கொண்டார். அப்போது நான் சன்னல் பக்கம் திரும்பி நின்றேன். அந்த எண் இன்றுவரை எனக்குத் தெரியாது.

செயலிகளில் உள்ள தமிழ் குறையற்றது என்று சொல்லமாட்டேன். பாதித் திரை தமிழிலும் மீதி ஆங்கிலத்திலும் நிற்பதுண்டு. சில மொழிபெயர்ப்புகளைப் படித்துத் தந்தையார் சிரித்ததும் உண்டு. ஆயினும், ‘அனுப்பு’, ‘பெறு’, ‘ரத்து செய்’ என்ற மூன்று சொற்கள் தாய்மொழியில் தெளிவாக இருந்தாலே பாதி அச்சம் நீங்கிவிடுகிறது.

பயிற்சி பத்து ரூபாயில் நடந்தது. அவர் எனக்குப் பத்து ரூபாய் அனுப்புவார். நான் அதைத் திருப்பி அனுப்புவேன். ஒவ்வொன்றையும் பழைய வழக்கப்படி ஒரு குறிப்பேட்டில் பற்று, வரவு என எழுதி, வங்கிக் குறுஞ்செய்தியுடன் ஒப்பிட்டுப் பார்த்தார். மூன்றாம் நாள் அவரே ஒரு விதியைக் கண்டறிந்து சொன்னார்: “பற்று எழுதத்தான் நம்பர் கேக்குது. வரவுக்குக் கேக்கல.” மோசடிகளில் பெரும்பகுதியைத் தடுக்கக்கூடிய விதி அது. பணம் பெறுவதற்கு ரகசிய எண் தேவையே இல்லை. ‘உங்களுக்குப் பணம் வந்திருக்கிறது, எண்ணை அழுத்திப் பெற்றுக்கொள்ளுங்கள்’ என்று எவரேனும் சொன்னால், அது நம்மிடமிருந்து பணம் எடுக்கும் முயற்சி. தனிநபர்களிடையே பணம் கேட்டுக் கோரிக்கை அனுப்பும் வசதியை 2025 அக்டோபர் 1 முதல் தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம் நிறுத்தியதற்கும் இத்தகைய ஏமாற்றுகளே காரணம்.

மென்பொருள் புதுப்பித்தலைப் பற்றியும் ஒரு சொல். திரை மாறிவிடுகிறதே என்று அதை நிறுத்தி வைப்பது சரியன்று. பாதுகாப்புக் குறைகளைச் சரிசெய்வதும் அந்தப் புதுப்பித்தல்தான். அதற்குப் பதிலாக, திரை மாறிய அன்று வீட்டிலுள்ள இளையவர் பத்து நிமிடம் உடன் அமர்ந்து, எது எங்கே நகர்ந்தது என்று பார்க்கச் செய்யலாம். மருந்துக்கடை வரிசையில் முதன்முறையாக அதைச் சந்திக்கும் நிலை வரக்கூடாது.

எல்லோராலும் இது இயலுமா என்று கேட்கலாம். கண்பார்வை மங்கியவர்களும், கை நடுங்குபவர்களும் உண்டு. அவர்களுக்கும் ரகசிய எண்ணைப் பகிராத வழிகள் இருக்கின்றன. 2024-இல் அறிமுகமான ‘யுபிஐ சர்க்கிள்’ வசதியில், கணக்குரியவர் தம் நம்பிக்கைக்குரிய ஒருவருக்கு, அவரது சொந்தக் கைப்பேசியிலிருந்தே பணம் செலுத்தும் அதிகாரம் அளிக்கலாம். முழு அதிகாரம் அளித்தாலும் மாதத்துக்கு 15,000 ரூபாய், ஒரு முறைக்கு 5,000 ரூபாய் என்று வரம்பு உண்டு. ஒவ்வொரு செலவுக்கும் கணக்குரியவரின் ஒப்புதல் தேவை என்றும் அமைத்துக்கொள்ளலாம். பொத்தான் கைப்பேசி வைத்திருப்பவர்கள் 2022-இல் வந்த ‘யுபிஐ 123பே’ மூலம், இணைய வசதி இல்லாமலேயே பணம் அனுப்பலாம். 70 வயதைக் கடந்தவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் பணம் எடுத்தல், செலுத்துதல் போன்ற அடிப்படைச் சேவைகளை வீட்டுக்கே சென்று வழங்க வேண்டுமென 2017-இலேயே ரிசர்வ் வங்கி வங்கிகளைப் பணித்துள்ளது. உங்கள் கிளையில் கேளுங்கள். கேட்பதற்குத் தயங்க வேண்டியதில்லை.

கைநாட்டும் ஒரு சுற்றுச் சுற்றி மரியாதையோடு திரும்பி வந்திருக்கிறது. ரகசிய எண்ணுக்குப் பதிலாக விரல்ரேகையையோ முகத்தையோ காட்டிச் சிறு தொகைகளைச் செலுத்தும் வசதி 2025 அக்டோபரில் அறிமுகமானது. மறதி மிகுந்தவர்களுக்கு இது நல்ல துணை. ஆனால் அதை ஏற்கும் முன், உங்கள் கைப்பேசியில் யார் யாருடைய விரல்கள் பதிவாகியுள்ளன என்று பாருங்கள். விளையாட்டுக்காகப் பேரப்பிள்ளையின் விரலும் பதிவாகியிருந்தால், முதலில் அதை நீக்கிவிடுங்கள்.

வங்கியாளர்களாகிய நாங்களும் திருத்திக்கொள்ள வேண்டியது உண்டு. வரிசை நீண்டுவிட்டால், “கொடுங்க, நான் போட்டுத் தரேன்” என்று கைநீட்டுவது எங்களுக்கும் எளிதாகத்தான் இருக்கிறது. அன்று அந்த முதியவர் கைப்பேசியை நீட்டியபோது, நான் அதைத் தொடவில்லை. ரகசிய எண்ணை முதலில் மாற்றிக்கொள்ள வேண்டும் என்று சொல்லி, முகப்பைச் சுற்றி வெளியே வந்து, பக்கத்து இருக்கையில் அமர்ந்துகொண்டேன். பற்று அட்டையின் எண்களைக் கண்டுபிடித்து இடுவதற்குள் நேரம் கடந்து, மூன்று முறை மீண்டும் தொடங்க வேண்டியிருந்தது. வரிசையில் சிலர் முணுமுணுத்தனர். நான்காம் முறை வெற்றி பெற்றது. அவர் கைப்பேசியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, பையின் மேல் ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டுச் சென்றார்.

உங்கள் இல்லத்திலும் பெரியவர்கள் இருப்பார்கள். அவர்களுடைய ரகசிய எண் உங்களுக்குத் தெரியும் என்றால், இந்த ஞாயிற்றுக்கிழமையே அதை அவர்களே மாற்றும்படி செய்யுங்கள். நீங்கள் வேறு பக்கம் திரும்பி நில்லுங்கள். பிறகு உங்களுக்குப் பத்து ரூபாய் அனுப்பச் சொல்லுங்கள். எத்தனை நேரமானாலும், கையை மட்டும் நீட்டாதீர்கள். ஒருவேளை தவறுதலாகவோ ஏமாற்றத்தாலோ பணம் போய்விட்டால், கடிந்துகொள்ளாமல் உடனே வங்கிக்கும் 1930 என்ற உதவி எண்ணுக்கும் தெரிவியுங்கள். திட்டுக்கு அஞ்சி முதியவர்கள் மறைக்கும் ஒவ்வொரு மணி நேரமும், பணம் மீளும் வாய்ப்பு குறைந்துகொண்டே போகிறது.