வாலடியில் ஒட்டிய 'அரிசி'

"தங்கச்சி, எங்க பூனையோட வாலடியில அரிசி மாதிரி ஏதோ ஒட்டியிருக்கு. உத்துப் பார்த்தா நெளியுது!"

வானொலிக்கு நேயர் ஒருவர் அனுப்பிய குரல் பதிவு இது. முகம் சுளிக்காதீர்கள். பூனையோ நாயோ வளர்க்கும் வீட்டில் பேச வேண்டிய விஷயம்தான்.

அந்த 'அரிசி' நாடாப்புழுவின் ஒரு துண்டு. இதன் இளம்புழு வளர்வது தெள்ளுப்பூச்சியின் உடலில். பூனை தன்னை நக்கும்போது தெள்ளையும் சேர்த்து விழுங்க, புழு குடலில் குடியேறுகிறது. புழு மருந்து கொடுத்துவிட்டுத் தெள்ளை அப்படியே விட்டால், 'அரிசி' மீண்டும் வரும்.

எனக்கு அதிகக் கவலை தருவது உருண்டைப்புழு. நாய்க்குட்டிக்கு இது தாய் வயிற்றிலேயே தொற்றலாம். பூனைக்குட்டிக்குத் தாய்ப்பால் வழியே வரலாம். உடம்பு இளைத்து, வயிறு மட்டும் உப்பிய குட்டியைப் பார்த்து, "நல்லா சாப்பிடுது" என்று நாம் மகிழ்வோம். இதன் முட்டைகள் மலத்தோடு மண்ணில் கலந்து மாதக்கணக்கில் கிடக்கும். தாமான் விளையாட்டுத் திடலில் மண்ணளைந்த பிள்ளை, அதே விரலை வாயில் வைத்தால்? பலருக்கு ஒன்றும் ஆகாது. ஆனால், அரிதாக இளம்புழு கண்ணுக்குள் போய்ப் பார்வையையே பாதிக்கும். கொக்கிப்புழுவோ, ஈரமண்ணில் வெறுங்காலோடு நடப்பவரின் தோல் வழியாகவே நுழைந்துவிடும்.

இதற்குப் பயந்து செல்லப்பிராணியைத் தெருவில் விட வேண்டியதில்லை. உருண்டைப்புழு முட்டை வெளியே வந்தவுடன் தொற்றாது. முற்றுவதற்கு நாள் பிடிக்கும். எனவே மலத்தை அன்றன்றே அள்ளிக் கட்டிப் போடுங்கள். பிள்ளைகளைச் சோப்புப் போட்டுக் கை கழுவ வையுங்கள்.

நாய்க்குட்டிக்கு இரண்டு வார வயதிலிருந்தே புழு மருந்து தொடங்கலாம். வளர்ந்த நாய், பூனைக்குப் பொதுவாக 3 மாதத்துக்கு ஒருமுறை. அளவு எடையைப் பொறுத்தது. அதைக் கால்நடை மருத்துவர் சொல்லட்டும். நாய்க்கு வாங்கிய தெள்ளு மருந்தை மட்டும் பூனைக்குத் தடவிவிடாதீர்கள். சிலவற்றில் இருக்கும் பெர்மெத்ரின் பூனையின் உயிரையே பறிக்கும்.

காரின் சாலை வரி முடியும் தேதி நமக்கு மறப்பதில்லை. அதே கைப்பேசியில் புழு மருந்துக்கும் ஒரு நினைவூட்டல் வையுங்கள். வாயில்லாத ஜீவன், "நாளாச்சு" என்று நமக்குக் குரல் பதிவு அனுப்பாது!