கண்ணுக்குத் தெரியும் புற்றுநோயை ஏன் தவறவிடுகிறோம்?

குடலிலோ கணையத்திலோ வளரும் புற்றுநோயைக் கண்டறிய ஸ்கேன், எண்டோஸ்கோப்பி என்று பல கருவிகள் வேண்டும். வாய்ப்புற்றுநோய்க்கு டார்ச் விளக்கும் பழகிய கண்களும் போதும். இருந்தும் நம் நோயாளிகளில் பெரும்பாலோர் கழுத்தில் நெறிகட்டி, சாப்பிட முடியாத நிலையில்தான் மருத்துவமனைக்கு வருகிறார்கள்.

வாய், நாக்கு, தொண்டை, குரல்வளை, உமிழ்நீர்ச் சுரப்பி ஆகியவற்றில் வருபவை எல்லாம் தலை-கழுத்துப் புற்றுநோய்களே. மேலை நாடுகளில் ஹெச்பிவி வைரஸால் வரும் தொண்டைப் புற்றுநோய் பெருகுகிறது. இங்கே முதல் எதிரி மெல்லும் புகையிலையும் பாக்கும். உலகின் வாய்ப்புற்றுநோயாளிகளில் ஏறக்குறைய மூவரில் ஒருவர் இந்தியர். புகையிலை சேராத பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-லேயே சொல்லிவிட்டது. தாம்பூலத்துக்கு நாம் தரும் மரியாதையில் அந்த எச்சரிக்கை காதில் விழவில்லை.

நோய் இங்கே அதிகம் என்பதால், தீர்வுக்கான வலுவான ஆய்வுகள் சிலவும் இங்கேதான் நடந்தன. 1996 முதல் திருவனந்தபுரம் பகுதியில், மருத்துவர் அல்லாத பணியாளர்கள் பயிற்சி பெற்று வீடு வீடாகச் சென்று வாயைப் பரிசோதித்தார்கள். புகையிலை, மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப்புற்றுநோய் மரணம் 34% குறைந்ததாக 2005-ல் 'லான்செட்' இதழ் வெளியிட்டது. தொடக்கநிலை நோயாளிகளுக்குக் கழுத்து நிணநீர்க் கணுக்களையும் முதல் அறுவையிலேயே அகற்றினால் மூன்றாண்டு உயிர்வாழ்வு 67.5 சதவீதத்திலிருந்து 80 சதவீதமாக உயர்கிறது என்று மும்பை டாடா நினைவு மருத்துவமனை 2015-ல் காட்டியது. முற்றிய நோயிலும், விலையுயர்ந்த நிவோலுமாப் மருந்தை வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகச் சிகிச்சையில் சேர்த்தபோது, ஓராண்டைக் கடந்தவர்கள் 16 சதவீதத்திலிருந்து 43 சதவீதமானார்கள். 2023-ல் வெளிவந்த இந்த ஆய்வும் டாடா மருத்துவமனையில் நடந்ததே.

ஆகவே, நம்மிடம் அறிவுக்குப் பஞ்சமில்லை. அது ஊர்போய்ச் சேரவில்லை. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, வாய்ப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் நூற்றுக்கு இருவர்கூட இல்லை. வாய்ப் பரிசோதனையையும் சேர்த்துப் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டத்தைத் தமிழக அரசு தொடங்கியிருப்பது வரவேற்கத்தக்கது. ஆனால், திருவனந்தபுர ஆய்வு இன்னொரு பாடத்தையும் சொல்கிறது: சந்தேகத்துக்குரியவர்கள் என்று கண்டறியப்பட்டோரில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் மேல்பரிசோதனைக்குப் போகவில்லை.

காரணம் ஊகிக்கக்கூடியதே. தொடக்கத்தில் பெரும்பாலும் வலி இருக்காது. வெள்ளைத் திட்டு, இரண்டு வாரமாகியும் ஆறாத புண், காரம் பட்டால் எரிச்சல், வாயை முழுதாகத் திறக்க முடியாமை ஆகியவற்றுக்காக ஒருநாள் கூலியை இழந்து மாவட்டத் தலைநகருக்குப் போக யாருக்கு மனம் வரும்? எனவே, சதைத் துணுக்கு எடுக்கும் வசதி வட்ட மருத்துவமனை வரை வர வேண்டும். பல் மருத்துவர்களை அதற்குப் பயன்படுத்தலாம். பயணச் செலவையும் அரசே ஏற்க வேண்டும்.

எத்தனை லட்சம் பேரைப் பரிசோதித்தோம் என்பது விளம்பரத்துக்கு உதவும் கணக்கு. திட்டு தெரிந்தவர்களில் எத்தனை பேர் சிகிச்சையை முடித்தார்கள் என்பதை அரசு மாவட்டவாரியாக ஆண்டுதோறும் வெளியிடட்டும். திட்டத்தின் வெற்றியை அந்த எண்ணை வைத்தே மதிப்பிட வேண்டும்.