கோன்ஸ்டைன் மலைக்குள்

கைவிடப்பட்ட ஆலைகளுக்குள் புகுந்து படமெடுப்பதில் இன்று பலருக்கு ஆசை. துருவும் இருளும் ஈர்க்கத்தான் செய்யும். அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஜெர்மனியில் நோர்ட்ஹவுசன் நகரை ஒட்டிய கோன்ஸ்டைன் மலைச் சுரங்கங்களின் கதை தெரிந்தவர் அங்கே விளையாட்டாகக் கால் வைக்க மாட்டார். 1943 ஆகஸ்டில் பிரிட்டிஷ் விமானங்கள் பேனமுண்டே ஏவுகணைத் தளத்தைத் தாக்கியதும், வி-2 ராக்கெட் உற்பத்தியை நாஜிகள் இந்த மலைக்குள் கொண்டுபோனார்கள். சுரங்கத்தை விரிவாக்கக் கொண்டுவரப்பட்ட வதைமுகாம் கைதிகள் முதல் சில மாதங்கள் உள்ளேயே படுத்தார்கள். வெடிப்புகை, ஈரம், ஓயாத இரைச்சல். பாதியாக வெட்டிய பீப்பாய்கள்தாம் கழிப்பறை. இந்தக் கைதிகளுக்கான டோரா வதைமுகாம்களுக்கு வந்த சுமார் 60,000 பேரில் ஏறத்தாழ 20,000 பேர் மாண்டார்கள். வி-2 விழுந்து செத்தவர்களைவிட இது அதிகம். 1948இல் சோவியத் படையினர் சுரங்க வாயில்களை வெடிவைத்து மூடினார்கள். பிற்காலத்தில் திருட்டுத்தனமாக நுழைந்தவர்கள் ராக்கெட் பாகங்களை நினைவுப்பொருளாக அள்ளிப் போனார்கள். என்னைக் கேட்டால் அது கல்லறைக் கொள்ளை. அங்குள்ள நினைவகத்தின் வழிகாட்டியோடு சுரங்கத்தின் ஒரு பகுதிக்குள் இன்றும் போய்ப் பார்க்கலாம். போகிறவர்கள் அந்த வழியாகவே போங்கள். அங்கிருந்து ஒரு திருகாணியைக்கூட எடுக்காதீர்கள்.