"நேரா கேட்டுட வேண்டியதுதானே?"

போன வாரம் சென்னையில இருந்து வந்திருந்த நண்பர் ஒருத்தர்கிட்ட ஒரு விஷயம் சொன்னேன். அவர் யோசிக்கவே இல்லை. "இதுல என்ன இருக்கு? நேரா கேட்டுட வேண்டியதுதானே?" என்றார். அன்னிக்கு வாயில வராத பதிலை இங்க எழுதுறேன். அவருக்கு மட்டுமில்லை, உங்களுக்கும்தான்.

விஷயம் இதுதான். எனக்குத் தெரிஞ்ச பையன் ஒருத்தன். ஆள் தெரிஞ்சிடக் கூடாதுன்னு சிலதை மாத்தியிருக்கேன். எங்க பக்கம் த்ரீ பேஸ் கரண்ட் ராத்திரியிலதான் வரும். மோட்டாரைப் போட்டுட்டு வரப்புல உட்கார்ந்திருந்தோம். மடை மாத்திட்டு வந்தவன், ரொம்ப நேரம் கழிச்சு வாயைத் திறந்தான். அவனுக்குப் பொண்ணுங்க மேல நாட்டம் வந்ததே இல்லையாம். கூடப் படிச்ச ஒருத்தனை மனசுக்குப் பிடிச்சிருக்கு. "அண்ணே, அவனுக்கும் அப்படித்தான் இருக்குமான்னு எப்படிண்ணே தெரிஞ்சுக்கிறது?"

நடை, பேச்சு, உடுப்பை வச்சுக் கண்டுபிடிச்சிடலாம்னு நினைக்கிறவங்க இருக்காங்க. கேட்ட பையனே நெல்லு மூட்டையைத் தனியாத் தூக்கி வண்டியில போடுறவன், கபடி ஆடுறவன். அவனைப் பார்த்து யார் என்ன கண்டுபிடிப்பாங்க? நெருக்கமாப் பழகுறதை வச்சும் சொல்ல முடியாது. இங்க ஆம்பளைங்க தோள்ல கை போட்டுத்தான் நடப்பாங்க. திருவிழான்னா ஒரே பாயில நாலு பேர் படுப்பாங்க. அதுக்கு அர்த்தம் எதுவும் கிடையாது. அதனாலதான் அந்தப் பையனுக்குக் குழப்பம். சிநேகிதன் தோள்ல போட்ட கை வெறும் கைதானா, இல்லை அதுக்கு மேலயா?

செல்போன்ல அதுக்குன்னு ஆப் இருக்கேன்னு சொல்வீங்க. பக்கத்துல இருக்கிற ஆள் எவ்வளவு தூரத்துல இருக்கார்னு காட்டுமாம். சென்னையில 500 மீட்டர்னா ஆயிரம் பேர். எங்க ஊர்ல மொத்தமே இருபது வீடு. அவன் தேடுறதுக்குள்ள ஊர் அவனைக் கண்டுபிடிச்சிடும்.

அவனும் ஒரு சோதனை வச்சுப் பார்த்திருக்கான். டீக்கடையில இது சம்பந்தமா ஒரு செய்தி வந்தப்போ சிநேகிதன் முகத்தையே கவனிச்சிருக்கான். கடையில எல்லாரும் சிரிச்சாங்க, சிநேகிதனும் சிரிச்சான். "நானும்தான் சிரிச்சேன்ணே"ன்னான். அவன் சிரிப்புப் பொய்னா, அந்தச் சிரிப்பு மட்டும் நிஜம்னு எப்படிச் சொல்றது?

சரி, நேரா கேட்கட்டும். எந்த வார்த்தையில கேட்பான்? இந்தக் கேள்விக்கு நம்ம ஊர்ல புழங்குற ஒரே வடிவம் "அவனா நீ". சினிமா காமெடியில வந்து, மீமா மாறி, உங்க ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்ல இன்னமும் சுத்துதே, அதேதான். ஒருத்தன் மனசைத் திறந்து கேட்க வேண்டிய கேள்வியை எல்லாருமாச் சேர்ந்து கேலியாக்கிட்டு, இப்போ "கேளுடா"ன்னா எப்படி? நானும் அதுக்குச் சிரிச்சவன்தான். அன்னிக்கு வரப்புல அது ஞாபகம் வந்து கூசிப்போச்சு.

இன்னொண்ணு. கேட்கிறதுன்னாலே தன்னைச் சொல்லிடுறதுன்னுதான் அர்த்தம். பதில் 'இல்லை'ன்னு வந்தா நீங்க வேற வீடு, வேற வேலைன்னு போயிடலாம். அவன் நிலம் இங்க, கிணறு இங்க, அம்மா இங்க. காதல் போனாப் போகட்டும், சிநேகிதமும் சேர்ந்து போயிடுமேங்கிற பயம்தான் அவனை உலுக்குது.

சட்டம் மாறலையான்னு கேட்டா, மாறிடுச்சு. 2018 செப்டம்பர் 6-ல், இது குற்றமில்லைன்னு உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. 2021-ல் மதுரையில இருந்து சென்னைக்கு வந்த இரண்டு பெண்கள் வழக்குல, உயர் நீதிமன்ற நீதிபதி தனக்கே இதுல புரிதல் போதலைன்னு ஒத்துக்கிட்டு, மனநல நிபுணர்கிட்ட உட்கார்ந்து கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டார். இதைக் 'குணப்படுத்துறேன்'னு வைத்தியம் பார்க்கக் கூடாதுன்னும் உத்தரவு போட்டார். 'தன்பாலீர்ப்பாளர்'னு மரியாதையான சொல்லும் தமிழ்ல இருக்கு. ஆனா தீர்ப்பு டீக்கடை வரைக்கும் தானா நடந்து வராது.

அதனால அவனுக்குத் தைரியம் சொல்றதை நிறுத்துங்க. அவன்கிட்ட தைரியம் இல்லாம இல்லை, என்கிட்ட சொன்னானே. அடுத்த தடவை அந்த மீம் வந்தா சிரிக்காதீங்க, அடுத்தவங்களுக்கு அனுப்பாதீங்க, "இதுல என்ன சிரிப்பு?"ன்னு ஒரு வார்த்தை கேளுங்க. உங்க குரூப்லயும் எங்க டீக்கடையிலயும், யார் சிரிக்கலைன்னு ஒருத்தன் பார்த்துக்கிட்டே இருப்பான். கேட்கலாமா வேண்டாமான்னு அவன் முடிவு பண்றது அதை வச்சுத்தான்.