இருபது சிலிண்டர் கொடுத்துவிட்டு இரண்டாம் மாதம் என்ன செய்வோம்?



வசதி குறைந்த இருபது வீடுகளுக்கு அடுப்பு வாங்கிக் கொடுக்க ஊரில் காசு சேர்க்கிறோம். அல்ஹம்துலில்லாஹ். லயன் வீடுகளும் பட்டியலில் இருப்பது இன்னும் சந்தோசம். ஆனால் கேஸா, இண்டக்ஷனா என்று ஒரு வாரமாகச் சண்டை பிடிக்கிற ஆம்பிளைகளில் ஒருவராவது அந்த வீடுகளில் சமைக்கிற பெண்களிடம் கேட்டாரா? நாங்கள் அந்தப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறவர்கள். சில பிள்ளைகளின் கொப்பியைத் திறந்தாலே புகை மணக்கிறது. அதனால்தான் எழுதுகிறோம்.

12.5 கிலோ சிலிண்டர் 1,493 ரூபாய்க்கு வாங்கினோம். 2021 ஒக்டோபரில் அது 2,750 ஆனது. 2022 ஏப்ரலில் 4,860. வெறும் சிலிண்டரை வரிசையில் வைத்துவிட்டு வெயிலிலும் மழையிலும் நின்றது அதற்குள் மறந்துவிட்டதா? பிறகு விலை இறங்கியது, உண்மைதான். ஆனாலும் கேஸ் என்பது ஒரே தடவையில் எண்ணி வைக்கவேண்டிய காசு. இறப்பர் வெட்டுகிறவருக்கு மழை பெய்தால் கூலி இல்லை. கலவானையில் மழைக்கா பஞ்சம்? சின்ன சிலிண்டர் இருக்கிறதே என்பார்கள். அந்தக் காசும் கையில் ஒன்றாகச் சேரவேண்டுமே. நாம் கொடுக்கிற சிலிண்டர் இரண்டாம் மாதம் வெறுமையாகக் கட்டிலுக்கடியில் கிடக்கும். பழைய கல்லடுப்பு மறுபடி எரியும்.

சரி, இண்டக்ஷன்? பக்கத்திலேயே குக்குலே கங்கையில் மின்நிலையம், நம் மழையில் எடுக்கிற கரண்ட் என்று பெருமையாகப் பேசுகிறோம். பெருமையை விட்டு அந்த வீடுகளின் வயரைப் பாருங்கள். 2,000 வாட்ஸ் அடுப்பு ஏறத்தாழ 9 அம்பியர் இழுக்கும். பல வீடுகளில் இருப்பது விளக்குக்கென்று இழுத்த 5 அம்பியர் லைன். அதிலிருந்து ஒரு எக்ஸ்டென்ஷன் கோட். ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதா என்று யார் பார்த்தது? இன்னொன்று, அவர்களிடம் இருப்பது அலுமினியப் பானையும் மண்சட்டியும். காந்தம் ஒட்டாத பாத்திரத்தை இண்டக்ஷன் சூடாக்காது. பாத்திரமும் நாமா வாங்கிக் கொடுப்போம்?

பில்லையும் கணக்குப் பார்ப்போம், கணக்கு எங்கள் தொழில்தானே. ஒரு பெரிய சிலிண்டர் செய்கிற சமையலை இண்டக்ஷனில் செய்ய சுமார் 90 யூனிட் போகும். சிலிண்டர் விலையை 90ஆல் வகுத்தால், ஒரு யூனிட் எந்த விலை வரைக்கும் கட்டுப்படியாகும் என்று தெரியும். மாதச் சம்பளக்காரர்களான எங்கள் வீடுகளில் இரண்டும் இருக்கின்றன, பார்த்துப் பாவிக்கிறோம். மாதம் 30, 35 யூனிட் எரிக்கிற வீட்டின் கதை வேறு. 60ஐத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டுமல்ல, முதல் யூனிட்டிலிருந்தே விலை கூடுகிறது. நிலையான கட்டணமும் ஏறுகிறது. சதகா என்று சொல்லி அந்தப் படியில் அவர்களை ஏற்றிவிடப் போகிறோமா?

எங்கள் யோசனை இதுதான். வீட்டுக்கு ஒரு ரைஸ் குக்கர். 700 வாட்ஸுக்குள் 3 அம்பியர்தான் இழுக்கும், அதற்கும் சரியான ப்ளக் ஒன்று போட்டே கொடுக்கவேண்டும். இரண்டு நேரச் சோற்றுக்கு நாளைக்கு ஒரு யூனிட்டுக்குள் முடியும். மிச்சம் பிடித்தால் 60க்குள் நிற்கலாம். அதிக நேரம் அடுப்பை அடைத்துக்கொள்வது சோறுதான், அது போனால் பாதிப் புகை போகும். கறிக்கு அனகி அடுப்பு. ஒரே தீயில் இரண்டு சட்டி, விறகும் குறைவு. அதற்கு மேலே ஒரு புகைபோக்கி. மேசன் வேலைக்கு நம் இளைஞர்கள் வரமாட்டார்களா?

“இந்தக் காலத்திலும் விறகா?” என்று கேட்கிறவர்களுக்கு: 2012 கணக்கெடுப்பில் நாட்டின் நான்கில் மூன்று வீடுகளுக்கு மேல் விறகில்தான் சமைத்தார்கள். 2017 மே வெள்ளத்தில் கரண்டும் இல்லை, கேஸ் வண்டியும் வரவில்லை. அன்றைக்கு நம் வயிற்றை நிறைத்தது எந்த அடுப்பு?

கடைக்கு முற்பணம் கொடுக்க வேண்டாம். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து இருபது வீட்டுக்கும் போவோம். ஒரு எலக்ட்ரீஷியன் வரட்டும். சமையலறைக்குள் போய்க் கேட்க ராத்தாமார் இரண்டு பேரும் வரட்டும். போன மாத கரண்ட் பில்லை எடுத்து வைக்கும்படி பிள்ளைகளிடம் சொல்லிவிட்டோம்.