கிச்சனுக்கு பர்சனல் லோனா? கொஞ்சம் நில்லுங்க!

மாடுலர் கிச்சனுக்கு பர்சனல் லோன் எடுக்கப் போறீங்களா? கணக்கைப் பாருங்க. 3 லட்சம், 14% வட்டி, 5 வருஷம்னா மாசம் சுமார் 6,980 ரூபாய். வட்டி மட்டுமே கிட்டத்தட்ட 1.19 லட்சம். ஃப்ரிட்ஜும் சிம்னியும் வாங்குற காசு அது!

பழைய வீட்ல கடப்பாக்கல் ஷெல்ஃப் இருந்தா, யார் சொன்னாலும் உடைக்காதீங்க. தண்ணில ஊறாது, கரையான் அரிக்காது. முன்னாடி ஃப்ரேம் அடிச்சு ஷட்டர் மாட்டினாலே பார்க்க மாடுலர் மாதிரிதான் இருக்கும். அதை எடுத்துட்டு எம்.டி.எஃப். பெட்டி வெச்சா, சிங்க் அடியில ஒரு லீக் போதும், உப்பிடும். அங்கே மரம் வெச்சே ஆகணும்னா பி.டபிள்யூ.பி. பிளைவுட் கேளுங்க, ஐ.எஸ். 710 முத்திரை இருக்கான்னு பார்த்து வாங்குங்க.

மிச்சக் காசை பிளக் பாயிண்ட், மேடை மேல வெளிச்சம், எக்ஸாஸ்ட் ஃபேன்ல போடுங்க. மேடை உயரம் சமைக்கிறவங்களுக்கு ஒத்துவருதான்னு யாருமே கேக்கறதில்லை. (இன்ஸ்டாகிராம்ல அது தெரியாதே!)

கடன் வாங்கியே ஆகணும், ஏற்கெனவே ஹோம் லோன் ஓடுதுன்னா, டாப்-அப் கேளுங்க. பொதுவா வட்டி குறைவு. ஆனா 15 வருஷம் இழுக்காதீங்க.

வாடகை வீடா? ஷட்டர்கூட வேண்டாம். ஒரு ஸ்டீல் ரேக் வாங்குங்க, காலி பண்ணும்போது கூடவே வரும்.