பை தூக்குகிற பையனும் இளைஞன்தானே?

கொல்கத்தாவுக்கு மாற்றலாகி வந்த புதிதில் கஸ்டமர் ஒருவர் வற்புறுத்திக் கூப்பிட்டதால் ஒரு சாரிட்டி கோல்ஃப் போட்டிக்குப் போயிருந்தேன். வசூலெல்லாம் வட்டார இளைஞர்களின் படிப்புக்கும் விளையாட்டுக்குமாம். நல்ல காரியம்தான், நக்கல் அடிக்கவில்லை. ஆனால் பேங்க்காரன் புத்தி சும்மா இருக்குமா? சாப்பாடு, பேனர் செலவு போக மிச்சம் எவ்வளவு என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே ஜூஸ் நீட்டினார்கள்.

வெயிலில் பை தூக்கி வந்த கேடி பையனுக்கு இருபது வயசுகூட இருக்காது. அவனும் வட்டார இளைஞன்தானே? அவனை யாரும் ஆடச் சொல்லவில்லை.

1829-ல் தொடங்கிய ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப் இதே ஊரில்தான் இருக்கிறது. அங்கே புல்தரை பராமரித்தவரின் மகன் எஸ்.எஸ்.பி. சௌராசியா. அந்த மைதானத்திலேயே ஆடிப் பழகி, 2008-ல் இந்தியன் மாஸ்டர்ஸ், 2016, 2017-ல் இந்தியன் ஓபன் ஜெயித்தார். உள்ளே ஆட இடம் கிடைத்ததால் வந்த வெற்றி அது.

வருஷத்துக்கு ஒரு நாள் செக் கொடுங்கள், வேண்டாமென்று யார் சொன்னது? கூடவே வாரத்தில் ஒரு காலை அந்தப் பசங்களுக்கு மைதானத்தைத் திறந்து விடுங்கள். வரவு செலவை நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள். அடுத்த வருஷம் நானே காசு கட்டி வருகிறேன்.